ஆறு மில்லி இடைவெளி

அவனுக்கு அந்தத் தெருவில் அரைச்சுத்து என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் கடைப் பலகையில் மட்டும் இருந்தது. அதையும் வெயில் தின்றுவிட்டது. ரிம்மில் கோட்டம் எடுக்கும்போது ஸ்போக்கை முடுக்கி, சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, ஒரு கண்ணைச் சுருக்கி, "இன்னும் அரைச் சுத்து" என்பான். எதிரே நிற்கிறவனுக்கு அவசரமா, வயிற்றுவலியா, அதெல்லாம் அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை.

மலைச் சைக்கிளுக்கு அகலச் சக்கரம் மாற்றித் தருவதில் அந்த வட்டாரத்தில் அவனை விட்டால் ஆளில்லை. ஒல்லி டயரைக் கழற்றிவிட்டு, அகல ரிம் கோத்து, மூன்று அங்குல டயரை மாட்டினால் சரளையில் வண்டி வழுக்காது. சரி, ஃப்ரேம் பழைய ஃப்ரேம்தானே? பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் வரும் குழாயில் டயர் உரசாமல் இருக்க இடம் வேண்டாமா? பெட்டியில் மடங்கிக் கிடந்த புது டயர், காற்றடித்த பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக உப்பும். அதனால் அவன் கடையில் ஒரு சட்டம். காற்றடித்த வண்டி இரண்டு நாள் நிற்க வேண்டும். அப்புறம் திருகு முடுக்கும் ஆலன் கீ கம்பியில் ஆறு மில்லி கனம் உள்ளதை எடுத்து இடைவெளியில் விட்டுப் பார்ப்பான். இரண்டு பக்கமும் தாராளமாகப் போனால் வண்டி வெளியே வரும். ஒருமுறை ஒரு போலீஸ்காரர் அன்றைக்கே வேண்டும் என்று குதித்தார். "டயருக்கு உங்க தொப்பி தெரியாது சார், நடந்து போங்க" என்று அனுப்பிவிட்டான்.

அவன் மனைவி வீடு வீடாகப் போகும் நர்ஸ். மேட்டுப் பகுதியில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் பதினோரு பேருக்குப் புண் கழுவி, கட்டு மாற்றி, ஊசி போட்டு வருவாள். ரோடா அது? குவாரி லாரிகள் சிந்திவிட்டுப் போன சரளை. அந்த வருஷ மழையில் இரண்டு தடவை சறுக்கி விழுந்து, முழங்கையைத் தேய்த்துக்கொண்டு வந்தாள்.

"ஊருக்கெல்லாம் மாத்திக் குடுக்குறீங்க. எனக்குன்னா மட்டும் கை வராதா?"

"உன் ஃப்ரேம்ல இடம் கம்மிம்மா."

"கம்மியா, இல்லவே இல்லையா?"

இருந்தது, மயிரிழை அளவுக்கு. ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து இரண்டு சக்கரமும் கோத்தான். திங்கள் காலையில் ஆலன் கீயை விட்டான். முனகிக்கொண்டே போனது.

"ரெண்டு நாள் நிக்கட்டும்."

"நல்லா இருக்கே நியாயம்! மேட்டுல படுத்துக் கெடக்குற வாத்தியாருக்கு முதுகெல்லாம் புண்ணு. இன்னிக்குக் கட்டு மாத்தலைன்னா புழு வெச்சுரும். சாயங்காலம் வந்ததும் அளந்துக்கோங்க."

போலீஸ்காரரை நடக்கச் சொன்ன வாய்தான். பெண்டாட்டியிடம் எழவில்லை. ஊருக்குத்தான் உபதேசம்!

சாயங்காலம் அவள் முகமெல்லாம் பல்லாக வந்தாள். "மெத்தையில போற மாதிரி இருக்குங்க." அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அளந்தானா? இல்லை. நாளைக்கு என்றான், நாளை மறுநாள் என்றான். உண்மையைச் சொன்னால், பயம். அளந்தால் கழற்ற வேண்டி வரும். அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறவளிடம் போய்க் கழற்றித் தா என்று எப்படிக் கேட்பது?

பத்தொன்பதாம் நாள், பட்டப்பகலில், இறக்கத்தில் பின்சக்கரம் சட்டென்று நின்றுவிட்டது. வண்டி குறுக்கே திரும்பி அவளைப் பள்ளத்தில் வீசியது. முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே இனி அசைவு வராது என்றார் டாக்டர். சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அவளுடைய அண்ணன்தான் சைக்கிளைக் கடையில் கொண்டுவந்து போட்டார். "ரோடுதான் மாப்பிள்ளை காரணம். இந்தக் குவாரிக்காரனுங்களைச் சும்மா விடக்கூடாது" என்று கொதித்தார்.

அவர் போனதும் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றினான். ஆறு மில்லி போகவில்லை. ஐந்தும் போகவில்லை. நாலை எடுத்துக்கொண்டு குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டான். இடது பக்கக் குழாயில், சேற்றுக்கு அடியில், வெள்ளையாக ஆஸ்பத்திரி பிளாஸ்டர். எட்டுச் சுற்று. பிரிக்க வசதியாக நுனியை மடித்து ஒட்டியிருந்தாள், நோயாளிக்கு ஒட்டுகிற மாதிரியே. பிளாஸ்டருக்கும் டயருக்கும் நடுவில் ஒரு சரளைக் கல் இறுகிக் கிடந்தது.

டயர் உரசும் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கிறது. குழாய் தேய்வதைப் பார்த்து அதற்கும் ஒரு கட்டுப் போட்டிருக்கிறாள். இருந்த கொஞ்ச இடத்தையும் அந்தக் கட்டு அடைத்துவிட்டது. பிளாஸ்டர் இல்லாவிட்டால் அந்தக் கல் ஒருவேளை சுற்றிக்கொண்டு வெளியே போயிருக்கும்.

அப்பாடா, நான் மட்டும் இல்லை என்று ஒரு கணம் நெஞ்சு லேசானது. அடுத்த கணமே தன்மேல் காறித் துப்பிக்கொள்ளத் தோன்றியது. சீ, நானும் ஒரு மனுஷனா! பிளாஸ்டரை நகத்தாலேயே பிய்த்து எடுத்து, சுருட்டி, குப்பையில் போட்டான்.

மறுநாள் வார்டில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். இரண்டு நாள் நிறுத்தவில்லை, அளக்கவில்லை, டயர் உப்பிவிட்டது.

அவள் விட்டத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள். கையை அவன் கையிலேயே வைத்திருந்தாள்.

"நான் ஒண்ணு சொன்னா திட்டக்கூடாது. சத்தம் வந்துச்சுங்க. சொன்னா வண்டியப் பிடுங்கி வெச்சுக்குவீங்க, வாத்தியாரு கெடந்து நாறுவாருன்னு நானே பிளாஸ்டர் ஒட்டிக்கிட்டேன். அதனாலதான் நின்னுச்சோன்னு மூணு ராத்திரியா உயிரு போகுது. டயரு அதுல சிக்கியிருந்துச்சா?"

"இல்ல. பிளாஸ்டரே இல்ல. எப்பவோ பிஞ்சு விழுந்திருக்கு."

"நிஜமாவா?"

"உன்மேல சத்தியமா."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூச்சு நீளமாக வெளியே வந்தது. பெரிய பாரம் இறங்கியது பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தாள். அவனைப் பார்த்தாள்.

"அப்போ முழுக்க நீங்கதான்."

அவன் தலையாட்டினான். அவள் கையை மெதுவாக உருவிக்கொண்டாள்.

"நாளையிலேருந்து அண்ணன் வரட்டும். நீங்க வர வேணாம்."

"சரிம்மா" என்று சொல்லி, ஃப்ளாஸ்க்கை எடுத்துக்கொண்டு எழுந்தான்.