நான் சொன்ன ரைட்டு எந்த ரைட்டு?

காதுக்குள் நெல் மிஷினில் உமி கொட்டுகிற மாதிரி ஒரு இரைச்சல்... அதுதான் முதலில் ஞாபகம் வருகிறது. வாக்கி டாக்கி. வெயிலில் சூடேறி, காதில் வைத்தால் தோசைக்கல்.

சென்னைப் பக்கம் ஒரு கார் ரேஸ் மைதானம். நாலு மணி நேரம் நிற்காமல் ஓட்டுகிற ரேஸ். நான் தகரக் கொட்டகைக்கு மேலே நிற்கிறேன். ஓட்டுகிறவர் எங்கள் ஊர் மிராசுதார் மகன், சின்னய்யா. ஹெல்மெட்டும் பெல்ட்டும் மாட்டிவிட்டால் அவரால் கழுத்தைத் திருப்ப முடியாது. பக்கத்தில் எந்தக் கார் ஒட்டி வருகிறது என்று மேலேயிருந்து பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். ஸ்பாட்டர் என்பார்கள்.

அதற்கு என்னை ஏன் கூப்பிட்டார்? நான் அப்போது பாபநாசம் ரூட்டில் பஸ் கண்டக்டர். அந்த பஸ் கதையை ஆரம்பித்தால் முடியாது... வெற்றிலைக் கூடை ஏறிவிட்டால் ஆளுக்கு இடமிருக்காது. வாய்க்கால் பாலத்தில் எதிரே லாரி வந்தால், பின்படியில் தொங்கிக்கொண்டே ஒரு சாண் இடைவெளியில் வண்டியைக் கடத்திவிடுவேன். அதில்தான் சின்னய்யா காலேஜுக்குப் போனார்.

"உன் கண்ணு ஒண்ணு போதும், வா கோவிந்தா" என்றார்.

ஆனால் அந்த நேரம் அவர் அப்பாவுக்கும் என் அப்பாவுக்கும் குத்தகை நிலத்துக்காகக் கோர்ட்டில் வழக்கு. வரப்பெல்லாம் சங்கக் கொடி, ரோட்டில் போலீஸ். அறுப்பு நின்றுபோய்க் கதிர் சாய்ந்து கிடந்தது. எந்த முகத்தோடு அவனுக்கு வேலை பார்க்கப் போகிறாய் என்று அப்பா கேட்டார். ஆனாலும் ரயில் ஏறினேன்.

மூன்றாவது மணி நேரம். வளைவுக்கு முன்னால் சின்னய்யாவுக்கு வலது பக்கம் ஒரு மஞ்சள் கார் மூக்கை நுழைத்தது. பட்டனை அழுத்தினேன்.

"ரைட்டு... ரைட்டு."

பஸ்ஸில் ரைட்டு என்றால் என்ன? வழி இருக்கிறது, போகலாம்.

அவர் வலது பக்கம் ஒடித்தார்.

தகரம் கிழிகிற சத்தம். கார் இரண்டு சுற்றுச் சுற்றி, டயர் அடுக்கில் மோதி நின்றது.

இறங்கி ஓடினேன். ஓடும்போது என்ன நினைத்தேன் தெரியுமா? அவர் உயிரை இல்லை... வழக்குக்காக வேண்டுமென்றே மாற்றிச் சொன்னான் என்று ஊர் பேசுமே, அதைத்தான். இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

உதட்டில் ரத்தத்தோடு வெளியே வந்தார்.

"ரைட்டுல கார் வருதுன்னியா, ரைட்டு போலாம்னியா?"

"தெரியலைங்க சின்னய்யா."

சத்தியமாகத் தெரியவில்லை. பழக்கத்தில் வாய் சொன்னதா, கண் பார்த்ததைச் சொன்னேனா, இல்லை, அறுக்காமல் கிடந்த அந்தக் கதிர் சொன்னதா...

புறங்கையால் உதட்டைத் துடைத்தார். "ஊர்ல யார் கேட்டாலும் வாக்கி டாக்கி பொட்டி வேலை செய்யலன்னு சொல்லு" என்றார். அவ்வளவுதான்.

இப்போது இரண்டு அப்பாக்களும் இல்லை. நிலத்தைப் பேசிப் பிரித்துக்கொண்டோம். சின்னய்யாவின் புதுக் கார் பின்னால் எது வந்தாலும் தானே கீங் கீங் என்று கத்துகிறது, படம் வேறு காட்டுகிறது.

ஆனாலும் எங்கள் வாய்க்கால் ஓரத்தில் ரிவர்ஸ் எடுக்கும்போது அதை அணைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கி என் முகத்தைத்தான் பார்க்கிறார்.

ஏன் என்று நானும் கேட்டதில்லை. ரைட்டு என்று சொல்வதுமில்லை... கையைத்தான் காட்டுகிறேன்.