கீரிமலைப் படியில் வாங்கிய சாம்பல் முட்டி

பிள்ளைகள், உங்கள் அப்பா பேய் பிசாசுக் கதை சொல்லிப் பயங்காட்டுகிற ஆள் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். முனியைக் கண்டேன் என்று ஊரில் யாராவது சொன்னால் முதலில் சிரிக்கிறவன் நான்தான். சுடலைப் பக்கத்து ஒழுங்கையால் எத்தனையோ தரம் தனியே சைக்கிளில் வந்திருக்கிறேன், ஒரு நாளும் ஒன்றையும் கண்டதில்லை. நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, இது நல்ல வெயில் நேரத்தில் எனக்கு நடந்தது. நடந்தபடி எழுதுகிறேன்.

எண்பத்து மூன்றுக் கலவரத்துக்கு மறு வருடம். கொழும்பில் நான் வேலை செய்த கடையை எரித்துவிட்டார்கள், உடுத்த உடுப்போடு கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியவன் ஒரு வருடமாக வேலை இல்லாமல் மீசாலையில் இருந்தேன். உங்கள் பெரியக்கா அப்போது கைக்குழந்தை. எப்படியோ சவூதியில் மின்சார வேலை ஒன்று கிடைத்தது, ஆனால் நான் புறப்பட்ட நாளுக்கு மறுநாளோடு விசா முடிகிறது, புறப்பட்ட அன்றிரவே கொழும்பிலிருந்து ஏறாவிட்டால் அந்த வேலை இல்லை. ரயிலில் போக உங்கள் அம்மா விடவில்லை, வழியில் மறித்து என்ன செய்வார்களோ என்று அழுதாள். அதனால்தான் பலாலியிலிருந்து கொழும்புக்குப் பக்கத்து ரத்மலானைக்குப் போகிற சின்ன விமானத்தில் இடம் எடுத்தேன்.

காலையில் போனால் விமானத்தைக் காணோம். நாலு மணிக்கு வரும் என்றார்கள். பெட்டியை அங்கேயே பாரங்கொடுத்துவிட்டு வெளியே தேத்தண்ணீர்க் கடையில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தேன்.

"உவங்கடை பிளேனும் எங்கடை பஸ்ஸும் ஒண்டுதான் தம்பி, வந்தாப் பிறகுதான் வந்தது எண்டு சொல்லலாம்," என்றார் கடைக்காரர். "இதிலை இருந்து என்ரை தேத்தண்ணியைக் குடிச்சுக் கெட்டுப் போகாமல், கீரிமலையிலை போய் ஒரு முழுக்குப் போட்டிட்டு வாரும். சவூதியிலை உப்பிடித் தண்ணி கிடைக்குமே?"

அதுவும் நல்ல யோசனையாகத்தான் பட்டது. பஸ் எடுத்துப் போய்விட்டேன். உண்மையைச் சொன்னால் அந்தக் கொஞ்ச நேரம் சந்தோஷமாகத்தான் இருந்தது, கடலை ஒட்டிய நன்னீர்க் கேணியில் குதித்து நீந்தினேன், மதில் ஏறி நின்று பக்கத்தில் கடல் அடிப்பதைப் பார்த்தேன், வடை வாங்கித் தின்றேன். உச்சி வெயில் ஏற ஏற மற்றவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள், நான் தலை துவட்டிக்கொண்டு கடலுக்கு இறங்கும் படிக்கு வந்தேன்.

அங்கே ஒருவர் தனியே இருந்தார். ஐம்பது வயது இருக்கும், ஈர வேட்டி, மடியில் வாய்க்குத் துணி கட்டிய சின்ன மண்பானை, சாம்பல் முட்டி. செத்தவரின் சாம்பலைக் கீரிமலைக் கடலில் கரைப்பது எங்கள் வழக்கம்தான், ஆனால் அதற்கு உறவுக்காரர் நாலு பேராவது கூட வருவார்கள். தனியே வந்த ஒருவரை அன்றுதான் கண்டேன்.

"தம்பி, இதை ஒருக்காப் பிடியும். நிலத்திலை வைக்கக் கூடாது. குருக்களைக் கூட்டிக்கொண்டு ஓடி வாறன்."

"கெதியா வாங்கோ அண்ணை, எனக்குப் பிளேன் இருக்கு."

"ஓம் ஓம், இந்தா வந்திட்டன்," என்று சொல்லிக்கொண்டே குருக்கள் இருக்கிற மடத்துப் பக்கம் போனார்.

போனவர் வரவேயில்லை. நிலத்தில் வைக்கவும் முடியாது, விட்டுவிட்டுப் போகவும் மனம் வராது, கை கடுக்கத் தொடங்கிவிட்டது. முட்டி இளஞ்சூடாக இருந்தது. வெயிலுக்கு என்று நினைத்து மதில் நிழலில் ஒதுங்கினேன், ஆறவில்லை, நேரம் போகப் போகச் சூடு கூடியது. பலாலிப் பக்கம் போகிற பஸ்ஸும் என் கண்ணுக்கு முன்னாலேயே போய்விட்டது. உங்கள் அம்மாவின் முகமும் குழந்தையின் முகமும் மாறி மாறி வந்தன, அழுகையே வந்துவிட்டது.

மூன்று மணியும் தாண்டிவிட்டது, அப்போதுதான் மடத்துக் குருக்கள் குடை பிடித்துக்கொண்டு பிந்திய சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போக வந்தார்.

"ஆரின்ரை முட்டி தம்பி?"

"தெரியாது ஐயா. உங்களைக் கூப்பிட வந்தவர்தான் தந்தவர்."

"என்னையோ? விடிஞ்ச நேரம் தொடக்கம் மடத்து வாசல்லைதான் இருக்கிறன். ஒரு காகமும் வரேல்லை."

கிட்ட வந்து துணியின் ஒரு பக்கத்தை நீக்கினார். உள்ளே சாம்பல் ஈரமாக இருந்தது. கடல் மணலும் சிப்பித் துண்டுகளும் கலந்து கிடந்தன, ஒரு சின்ன நத்தை உயிரோடு ஊர்ந்தது. குருக்கள் ஒரு படி பின்னுக்குப் போனார்.

"உது ஒருக்காக் கரைச்ச சாம்பல்."

"கரைச்சது எப்பிடி ஐயா திரும்பி முட்டிக்கை வரும்?"

"அதைத் தந்தவனைத்தான் கேக்கவேணும். பேர் தெரியாமல் நான் மந்திரம் சொல்லேலாது. ஏந்தின கைதான் இறக்கவேணும் தம்பி. இடுப்பளவு தண்ணிக்கை போய், கரையைப் பாத்துக்கொண்டு நிண்டு, தோளுக்கு மேலாலை பின்னுக்கு விட்டிட்டு வாரும். என்ன கேட்டாலும் திரும்பிப் பாக்காதையும்."

எனக்கு வேறு வழி தெரியவில்லை. அப்படியே செய்தேன். முட்டி தண்ணீரில் விழுந்த சத்தமும் கேட்டது, கையும் சட்டென்று குளிர்ந்துவிட்டது. கரையை நோக்கி நாலடி வைத்திருப்பேன், எனக்குப் பின்னால், கடல் பக்கமிருந்து, அந்த மனுசனின் குரல். கோபமே இல்லாத குரல்.

"தம்பி, முட்டி எங்கை?"

அவர் கரையால் போனவர், என்னைத் தாண்டாமல் கடலுக்குள் இறங்க வழியில்லை. படியில் நின்ற குருக்கள் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குடையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்த வெயிலுக்குள் விறுவிறென்று போய்விட்டார். நான் திரும்பவில்லை. ஈர உடுப்போடே ஓடி, சந்தியில் நின்ற வாடகைக் காரைப் பிடித்துப் பலாலிக்கு வந்தேன். விமானத்தின் கதவைச் சாத்தப் போகிற நேரம்.

பிடித்துவிட்டேன் என்ற நிம்மதியில் சன்னல் ஓரத்தில் இருந்தேன். விமானம் கடலுக்கு மேலே ஏறி மேற்கே திரும்பியது. கீழே காங்கேசன்துறைத் துறைமுகம் தெரிந்தது, அடுத்தது கீரிமலை, கேணியும் படியும் தீப்பெட்டி அளவில் தெரிந்தன. படியில் ஒருவர் இரண்டு கையையும் முன்னுக்கு நீட்டிக்கொண்டு நின்றார். அவ்வளவு உயரத்திலிருந்து ஆள் தெரியாது என்று நீங்கள் சொல்வீர்கள், எனக்கும் அது தெரியும், ஆனால் அவர் உள்ளங்கை கூட எனக்குத் தெரிந்தது. முகத்தை நிமிர்த்தி விமானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த வேலையால்தான் நீங்கள் எல்லோரும் வளர்ந்தீர்கள், ஒரு குறையும் வரவில்லை. ஆனால் தண்ணீருக்குள் நின்று திரும்பிப் பார்க்காதவன் சன்னலால் பார்த்துவிட்டேனே, அது திரும்பிப் பார்த்த கணக்கில் சேருமா? இத்தனை வருடத்தில் எத்தனையோ குருமாரைக் கண்டுவிட்டேன். ஒருவரிடமும் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.