கறுப்புத் துணி சுற்றிய தொட்டி

கணவனின் தங்கை கோமாளி மீன் பண்ணையைத் தொடங்கியபோது, அலுவலக அறைச் சன்னலுக்குத் திரை தைத்துக் கொடுக்கத்தான் அவள் அங்கே போனாள். போனவள் தன் தையற்கடையை மூடிவிட்டுத் தொட்டிகளோடு ஒட்டிக்கொண்டாள். காரணம் கேட்டால் ஆண்மீனைக் காட்டுவாள். பெண்மீன் முட்டையிட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ள, ஆண்மீன்தான் ஓயாமல் செட்டையால் விசிறும்; கெட்ட முட்டையை வாயால் கவ்வி அகற்றும்.

“உங்கண்ணனைக் கூட்டிட்டு வந்து இதைக் காட்டணும்.”

“அண்ணனா? பாவம், உழைக்கிற மீனுக்கு ஒரு டீ சொல்லுன்னுட்டு, தான் உக்காந்துக்குவாரு அண்ணி,” என்று சிரிப்பாள் இளையவள்.

முட்டைகள் பொரிந்தன, குஞ்சுகள்தாம் நிலைக்கவில்லை. கண்ணாடி நூல்துண்டுகள் போல ஒளிவிட்டு நீந்தியவை, உருமாறி மீனின் வடிவம் பெறுவதற்குள் தூளாய் அடியில் படிந்தன. உணவாக இட்ட நுண்ணுயிரிகளுக்கும் குறைவில்லை, நீரும் கெடவில்லை.

“இந்த ஈட்டுக் குஞ்சும் போச்சுன்னா மூடிடலாம் அண்ணி. ஒவ்வொரு தடவையும் அள்ளிக் கொட்ட எனக்கு மனசு தாங்கல.”

அண்ணி முக்காலியை இழுத்துப்போட்டுத் தொட்டியின் முன் அமர்ந்தாள். பொறுமையில் அவளை மிஞ்ச ஆளில்லை. வெயில் ஏற ஏற, குஞ்சுகள் எல்லாம் சன்னற்பக்கம் திரண்டன, வெளிச்சத்தை நோக்கிப் பாய்ந்து கண்ணாடியில் மூக்கை இடித்தன, மீண்டும் பாய்ந்தன. முதுகுப்புறம் மிதந்த இரையை ஏறிட்டும் பார்க்கவில்லை. அந்தக் கண்ணாடியைப் பாசி படியவிடாமல் நாள்தோறும் பளபளவென்று துடைத்தவள் அவளேதான்.

“ஐயையோ, துடைச்சுத் துடைச்சு நான்தான் கொன்னிருக்கேன்!”

வீட்டில் மிஞ்சிக் கிடந்த கறுப்புத் துணியைக் கொண்டுவந்து, தொட்டியின் நான்கு புறமும் இறுகச் சுற்றித் தைத்தாள். மேலிருந்து மட்டும் சிறிது வெளிச்சம் விழுந்தது. குஞ்சுகள் சுவரை மறந்து நடுநீருக்கு வந்தன. உடலை வளைத்து, நிமிர்ந்து, இரையைக் கொத்தின.

“தொட்டிக்குச் சட்டை தச்ச மொத ஆளு நீங்கதான்!”

“அளவு சரியா இருக்கா பாரு.”

பின்னர் ஒரு காலையில் இருவரும் மேலிருந்து எட்டிப் பார்த்தனர். அரிசியளவு மீனொன்று தரையருகே நின்றது. உடலில் செம்மஞ்சள் ஏறியிருந்தது, கண்ணுக்குப் பின்னால் மெல்லிய வெள்ளைப் பட்டை. அதனருகே இன்னொன்று, அப்பால் ஒரு கூட்டமே!

இளையவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “அடுத்த தொட்டிக்கும் தச்சுடுங்க அண்ணி.”

“தச்சாச்சு. துணி பத்தல, உன் ஆபீஸ் ரூமுக்குத் தச்ச திரையைக் கழட்டிட்டேன். வெயில் அடிச்சா பொறுத்துக்க.”