எக்ஸ்ரே அண்ணன் விற்ற கார்

அந்த மருத்துவமனையில் எந்த அறையிலிருந்து தொலைபேசியில் பூஜ்யத்தை அழுத்தினாலும் அவள் குரல்தான் கேட்கும். அதனால் அவளுக்கு ஜீரோ அக்கா என்று பெயர். பெரிய டாக்டர் முதல் துணி துவைக்கிறவர்கள் வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள், அவளும் கோபித்துக்கொண்டதில்லை. தரைத்தளத்தில், மருந்துக் கிடங்குக்கும் லிஃப்டுக்கும் நடுவே, ஜன்னல் இல்லாத சிறிய அறை. எதிரே விளக்குகள் மினுக்கும் பலகை, சுவரில் அவளே எழுதி ஒட்டிய எண்களின் பட்டியல். இருபத்திரண்டு வருடமாக அங்கே உட்கார்ந்து யார் யாரையோ யார் யாரோடோ பேசவைத்துக்கொண்டிருந்தாள்.

எதிர் அறைதான் எக்ஸ்ரே. அங்கே வேலை பார்த்தவரை அவள் அண்ணன் என்று அழைத்தாள். அது வாய்வார்த்தைக்காகச் சொன்ன அண்ணன் இல்லை. அவளுக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாது. அவள் கணவருக்குப் பக்கவாதம் வந்த அன்று லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடி ஏறியவர் அவர்தான். அன்றைக்கு அவர் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்ததை அவள் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள்.

கணவர் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். உயிர் பிழைத்தார், பேச்சும் திரும்பி வந்தது. இடது கால் மட்டும் பழையபடி ஆகவில்லை, இழுத்து இழுத்துத்தான் நடப்பார். பஸ் படி ஏறுவதற்குள் கண்டக்டர் விசில் ஊதிவிடுவார். வாரத்துக்கு இரண்டு நாள் உடற்பயிற்சி சிகிச்சைக்குப் போயாக வேண்டும். நாற்பத்தொன்பது வயதில் அவள் கார் ஓட்டக் கற்றுக்கொண்டது அதற்காகத்தான். முதல் நாள் பயிற்சி முடிந்து வந்தவளைப் பார்த்து வாத்தியார் கேட்டார்: "யாருக்கும் காயம் இல்லையே?"

"உங்க வாய்க்குத்தான் ஒரு பிரேக் போடணும்," என்றாள் அவள்.

கார் தேடுகிறாள் என்று தெரிந்ததும் எக்ஸ்ரே அண்ணனே அவள் அறைக்கு வந்தார்.

"வெளியாள்கிட்ட போய் ஏமாந்து நிக்காத. என் காரையே எடுத்துக்க. பதினஞ்சு வருஷமா பிள்ளை மாதிரி வெச்சிருக்கேன்."

"ஒரு மெக்கானிக்கிட்ட காட்டிட்டு எடுத்துக்கட்டுமாண்ணே?"

"தாராளமா காட்டு. என் வார்த்தையை விட அவன் வார்த்தைதான் பெருசுன்னா காட்டு."

அவளுக்குக் கூச்சமாகப் போய்விட்டது. ஏன்தான் கேட்டோமோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வெளிர் நீலக் கார். முகம் பார்க்கலாம் போலத் துடைத்து வைத்திருந்தார். "அடியிலயும் புதுசா தார் பெயின்ட் அடிச்சிருக்கேன், துரு பக்கத்துலயே வராது," என்றார். குனிந்து பார்க்கச் சொல்லவில்லை, அவளும் பார்க்கவில்லை. சேமிப்பில் முக்கால் பங்கு போயிற்று. அன்று மாலை வாத்தியாரை முன் சீட்டில் உட்காரவைத்து ஊரைச் சுற்றி வந்தாள். ஒவ்வொரு பஸ் நிறுத்தத்தைக் கடக்கும்போதும் அவர் கை தூக்கி அந்த நிறுத்தத்துக்கு ஒரு கும்பிடு போட்டார்.

மூன்று வாரம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு இரண்டு நாள் விடாமல் மழை பெய்தது. சிகிச்சை முடிந்து திரும்பும் வழியில் வாத்தியார் மெதுவாகச் சொன்னார்:

"என் இடது காலுக்கு ஒண்ணும் தெரியல. ஆனா வலது கால், கீழ தண்ணின்னு சொல்லுது."

வீட்டு வாசலில் நிறுத்திப் பார்த்தாள். முன் சீட்டின் கால்மிதி நீரில் மிதந்தது. அதைத் தூக்கி, கீழே ஒட்டியிருந்த விரிப்பையும் பிய்த்தாள். வாத்தியார் தன் கைத்தடியால் தரையைச் சும்மா ஒரு அழுத்து அழுத்திப் பார்த்தார். தடி நிற்கவில்லை. காகிதத்தில் போவதுபோல உள்ளே போய், தெருவைத் தொட்டது. தடியை உருவியதும் அந்த ஓட்டை வழியே சேற்றுத் தண்ணீர் வடிந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணனுக்குத் தெரிஞ்சிருக்காது," என்றாள் அவள். வாத்தியார் தடி முனையில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்தார்.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருந்த டிங்கரிங் பட்டறைக்குப் போனாள். அடிவாங்கிய கார்களின் உடம்பை நிமிர்த்துகிற டிங்கர்காரர் அதிகம் பேசாதவர். ஜாக்கி வைத்துக் காரைத் தூக்கி, சின்னச் சுத்தியலால் அடியில் தட்டிக்கொண்டே போனார். சில இடத்தில் கணீரென்றது. பல இடத்தில் அட்டைப்பெட்டியைத் தட்டுவதுபோல மொத்தென்றது. திருப்புளியால் கறுப்புத் தாரை நெம்பினார். பாளம் பாளமாகப் பெயர்ந்தது. அதற்கு மேலே, ஓட்டை அடைக்கப் பூசுகிற பட்டி, விரல் கனத்துக்கு. பட்டியை உடைத்தால் இரும்பு இருக்க வேண்டும். அங்கே வழவழப்பாக, வளைகிற ஏதோ ஒன்று இருந்தது. இழுத்து எடுத்து, பட்டறை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

யாருடையவோ விலா எலும்புகள்.

"எக்ஸ்ரே படம்மா இது," என்றார் டிங்கர்காரர். "தகடு இல்லாத எடத்துல இதை ஒட்டி, மேல பட்டி பூசியிருக்காங்க. இப்படி ஒண்ணை நான் பார்த்ததே இல்ல."

அவள் வாங்கிப் பார்த்தாள். ஓரத்தில் வெள்ளை மையில், சாய்ந்த எழுத்தில், 'மங்கல் – மறுபடி எடுக்கவும்' என்று இருந்தது. அந்தக் கையெழுத்தை அவளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இருபது வருடமாக அவள் மேசைக்கு வந்த சீட்டுகளில் பார்த்த கையெழுத்து.

"யாரு வித்தது?"

"எங்க அண்ணன்."

"கூடப்பொறந்தவரா?"

"இல்ல," என்றவள், படத்தில் ஒட்டிய பட்டித் தூளைத் தட்டிக்கொண்டே, "அப்படித்தான் நெனச்சிருந்தேன்," என்றாள்.

டிங்கர்காரர் இன்னும் மூன்று படங்களை உருவினார். முன் சீட்டின் பெல்ட்டைப் பிணைத்திருக்கும் இடத்தைக் காட்டினார். அங்கே இரும்பு பழுப்புத் தூளாகக் கொட்டியது. "எங்கயாவது லேசா மோதியிருந்தாக்கூட, சீட்டு, பெல்ட்டு, ஆளு எல்லாம் சேர்ந்து போயிருக்கும். யாரு அங்க உக்காருவாங்க?"

"எங்க வீட்டுக்காரர்," என்றாள்.

மறுநாள் மதியம், நோயாளிகள் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து எக்ஸ்ரே அறைக்குள் போனாள். ஒன்றும் சொல்லாமல், படத்தை வெளிச்சப் பெட்டியில் செருகி விளக்கைப் போட்டாள். அவர் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். முகம் ஒரு கணம் வெளுத்தது. பிறகு பூசி மெழுகத் தொடங்கினார்.

"பழைய கார்னா கொஞ்சம் துரு இருக்கத்தான் செய்யும். அதுக்குப் போயி…"

"கொஞ்சமாண்ணே?"

"ஓட்டை தெரியாம இருக்கட்டும்னு ஒட்டினேன். அவ்வளவுதான்."

"அவரு அந்தப் பக்கம்தான் உக்காருவாருன்னு உங்களுக்குத் தெரியும்."

அவர் டப்பாவைத் திறந்தார், மறுபடி மூடினார். "எனக்கு ஒரு அவசரம் இருந்துச்சு. நாலு பேர் வந்து பார்த்தாங்க. எல்லாரும் ஜாக்கி போட்டுத் தூக்கிப் பார்த்துட்டு வேண்டாம்னு போயிட்டாங்க."

"அதனால என் தலையில கட்டினீங்களா?"

"நீ குனிஞ்சு பார்க்க மாட்டேன்னு தெரியும்," என்றார். அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அவள் நல்ல குணத்தைப் பாராட்டுகிற குரலில்தான் சொன்னார். அதுதான் அவளால் தாங்க முடியாமல் போனது. காரைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும் என்று வீட்டிலிருந்தே ஒத்திகை பார்த்து வந்திருந்தாள். அதைச் சொல்லவே இல்லை. படத்தை அங்கேயே எரியும் விளக்கில் விட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். பலகையில் ஏழு விளக்குகள் அவளுக்காக மினுக்கிக்கொண்டிருந்தன.

அன்றிலிருந்து அவர் அவளுக்கு 'சார்' ஆனார். "எக்ஸ்ரே குடுங்க ஜீரோ அக்கா" என்று யாராவது கேட்டால், "லைன்ல சார் இருக்காங்க, பேசுங்க" என்பாள். கேட்டவர்களுக்கு அது புதிதாக இருந்தது. அவரோ முந்திக்கொண்டு வார்டு வார்டாகத் தன் கதையைச் சொல்லி வைத்திருந்தார். இரத்தம் எடுக்கிற பெண் அவளிடமே வந்து, "பழைய கார்ல துரு இருந்ததுக்குப் போயி அவர்கூடப் பேசாம இருக்கீங்களாமே. பாவம், ரொம்ப வருத்தப்படறாரு," என்றாள். ஜீரோ அக்கா ஒரு அழைப்பு வந்ததாகப் பாவனை செய்து ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டாள்.

காரை இரும்புக் கடைக்குப் போட்டால் காசு தேறாது, வேறு கார் வாங்கவும் வழியில்லை. டிங்கர்காரர் ஒரு யோசனை சொன்னார். துருவைச் சுரண்டும் வேலையை அவளே செய்தால் கூலி குறையும், வெட்டிப் பற்றவைப்பது மட்டும் அவர் பொறுப்பு. ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் அவள் பட்டறையில் கிடந்தாள். தலையில் துணி கட்டி, கண்ணாடி மாட்டி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்தாள். கழற்றி வைத்த முன் சீட்டில், வேப்ப நிழலில், வாத்தியார் உட்கார்ந்திருந்தார். சும்மா இருக்க அவருக்கு ஆகாது. பழைய அட்டைகளில் அளவெடுத்து, புதுத் தகடு எப்படி வெட்ட வேண்டும் என்று வரைந்து கொடுத்தார். முதல் தகடு தரையில் போய்க் கச்சிதமாக உட்கார்ந்ததும் டிங்கர்காரர் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "வாத்தியாரே, மயிரிழை கூடப் பிசகல," என்றார். அன்றைக்குத்தான் அவள் கொஞ்சம் சிரித்தாள்.

ஆனால் தேய்க்கத் தேய்க்க அவள் மனம் வேறு எதையோ சுரண்டிக்கொண்டிருந்தது. மகள் பரீட்சைக்கு அவர் வாங்கிக் கொடுத்த பேனா. தினமும் பத்தரை மணிக்குக் கொண்டுவந்து வைக்கும் தேநீர். இதிலெல்லாம் எது உண்மை?

"அன்னிக்கு ஸ்ட்ரெச்சரைத் தூக்கினாரே, அதுவும் பொய்யா?" என்று கணவரிடம் கேட்டாள்.

அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "அது நிஜந்தான். இதுவும் நிஜந்தான். ரெண்டையும் கூட்டிப் பார்க்காத."

"கழிச்சுப் பார்த்தாலும் விடை வரல," என்றாள். அவர் அடுத்த அட்டையை அளக்கத் தொடங்கினார்.

ஏழாவது வாரம் கார் தெருவில் இறங்கியது. "பெல்ட் இருக்கிற எடம் இப்ப கெட்டி. ஆனா துரு மேல் தகட்டுக்குள்ளயும் புகுந்திருக்கு. மூணு வருஷம் ஓட்டுங்க, அதுக்கு மேல ஆசைப்படாதீங்க," என்றார் டிங்கர்காரர். ஒளிக்காமல் சொன்னாரே என்பதற்காகவே அவருக்கு இரண்டு தடவை நன்றி சொன்னாள்.

எக்ஸ்ரேக்காரர் அடுத்த வருடம் ஓய்வு பெற்றார். பிரிவு விருந்துக்கு எல்லோரும் மாடிக்குப் போனபோது, பலகையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று சொல்லிக் கீழேயே இருந்துவிட்டாள். போகும்போது அவர் அவள் கதவருகே சற்று நின்றார். அவள் யாருக்கோ இணைப்புக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர் போய்விட்டார்.

அதற்குச் சில மாதம் கழித்து, வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகும் இளம் நர்ஸ் ஒருத்தி தன் தையல் இயந்திரத்தை விற்க நினைத்தாள். "உங்களுக்குன்னா நம்பிக் குடுக்கலாம் அக்கா," என்று வீட்டுக்கே கூட்டிப்போனாள். நல்ல பெண், ஒரு தடவை கூட அவளிடம் முகம் சுளித்ததில்லை. ஜீரோ அக்கா அடியில் இருந்த மூடியைக் கழற்றினாள். கைப்பேசி விளக்கைப் பிடித்து, பற்சக்கரம் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். திருகாணிகளை நகத்தால் கீறிப் பார்த்தாள். ஒரு குறையும் இல்லை. நிமிர்ந்தபோது அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிப் போயிருந்தது.

"என்மேல நம்பிக்கை இல்லையா அக்கா?"

இருக்கிறது என்று சொல்லத்தான் நினைத்தாள். குனிந்து, பார்க்காமல் விட்டிருந்த கடைசித் திருகாணியையும் கீறிப் பார்த்தாள்.