அழைக்க மட்டும் கற்றவர்

அடையாறு பங்களா ஒன்றில் நான் தோட்ட வேலை செய்தபோது, கேட்டில் ஒரு காவல்காரர் இருந்தார். மொட்டைத் தலை, ஒரு காது மடங்கியிருக்கும். ரங்கூனில் கூலியாக இருந்த காலத்தில் புத்த பிக்குகளிடம் பாலி மொழியில் ஓதக் கற்றவர். தினமும் அந்தியில், கண்ணுக்குத் தெரியாத ஆவிகளை, வந்து கேட்கும்படி அழைத்துவிட்டு, புத்தரின் சூத்திரத்தை ஓதுவார்.

அவர் மகளுக்கு அரக்கோணத்தில் கல்யாணம் வந்தது. நானும் வேலையை விட்டு அந்தப் பக்கம்தான் போகிறேன் என்பதால், "கெளம்பு நைனா" என்றேன்.

"எப்டிப்பா வர்றது? வாங்கன்னு கூப்புடத்தான் கத்துக்கினேன். போங்கன்னு அனுப்புறத கத்துக்கறதுக்குள்ள கப்பல் ஏத்தி வுட்டானுங்க. தெனம் வந்து குந்திக்கினு கீறாங்க. ஒருநாள் நான் இல்லாங்காட்டி இன்னா பண்ணுவாங்களோ."

"மகளாண்ட இன்னா சொல்ல?"

மகளுக்கென்று வாங்கி வைத்திருந்த கல்யாணப் புடவையை என் கையில் வைத்துவிட்டு விளக்கேற்றினார்.

கேட்டின் முன்னால் யாருமில்லை. ஆனாலும் சுவரோரமாக ஒதுங்கித்தான் வெளியே வந்தேன்.