பத்து மணி பன்னும் என் நகமும்

ஷாஹிதா ஆபா இறந்த செய்தி பத்து மணி டீ இடைவேளையில் வந்தது. கையில் பன் இருந்தது. அதைத் தின்று முடித்துவிட்டுத்தான் பக்கத்து மெஷின் மல்லிகாவிடம் சொன்னேன். "யாரு, நம்ம வயித்துல அடிச்சாளே, அவளா?" என்றாள். எங்கள் ஆம்பூர் ஷூ கம்பெனியின் தையல் லைனில் அவருக்குக் கிடைத்த இரங்கல் அவ்வளவுதான். துக்கத்துக்கு நான் மட்டும் போய் வந்தேன். அதனால்தான் லைன் தோழிகளே, இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

கேன்டீனுக்கு டயட்டீஷியனாக வந்தவரை உருது வழக்கப்படி ஆபா, அதாவது அக்கா, என்று கூப்பிட்டோம். விடியுமுன் பள்ளிகொண்டாவில் கம்பெனி பஸ் ஏறி வெறும் வயிற்றோடு வருகிறவர்கள் நாம். ரவா உப்புமாவும் சர்க்கரை டீயும்தான் காலைச் சாப்பாடு. அதை நிறுத்தி அவித்த முட்டை, கொண்டைக்கடலை, கேழ்வரகு அடை என்று போட்டார். "இன்னா ஆபா, ஆஸ்பத்திரி சாப்பாடா?" என்று கேலி செய்தேன். "ரவை சீக்கிரம் கரைஞ்சிடும்டி. முட்டையும் கடலையும் மெதுவா எறங்கும். அது எறங்க எறங்க, குடல்லேர்ந்து ஹார்மோன் கெளம்பிப் போய் மூளைகிட்ட போதும்னு சொல்லும்" என்றார். சொன்னபடியே மதியம்வரை பசி எட்டிப் பார்க்கவில்லை. இடைவேளையில் கம்பெனி தரும் பத்து மணி பன்னைப் பாதிப் பேர் பையில் போட்டுப் பிள்ளைகளுக்குக் கொண்டுபோனோம்.

அதை மேனேஜர் பார்த்துவிட்டார். அடுத்த வாரம் அந்தப் பத்து நிமிஷ இடைவேளைக்கு மணி அடிக்கவில்லை. ஆபா ஓடி வந்து கேட்டார். லைன் முழுக்கக் கேட்கும்படி பதில் வந்தது: "பசியே எடுக்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க மேடம்? அப்புறம் பிரேக் எதுக்கு?"

"முதுகுக்கு வேணாமா சார்? பாத்ரூம் போக வேணாமா?"

"அதுக்கும் ஒரு ஹார்மோன் இருந்தா சொல்லுங்க."

சூப்பர்வைசர்கள் சிரித்தார்கள். நாம் மேனேஜரை விட்டுவிட்டு ஆபாவைச் சபித்தோம். கைக்கு எட்டுகிறவரைத்தானே திட்ட முடியும்.

கொஞ்ச நாளில் பழைய உப்புமா திரும்பி வந்தது, டீயில் சர்க்கரை ஜாஸ்தியாகவே. கேட்டால், "முட்டை வெல ஏறிடுச்சு" என்று ஆபா முகம் பார்க்காமல் சொன்னார். பத்து மணி தாண்டினாலே கை நடுங்கியது. தையல் கோணியது, ரிஜெக்ட் குவிந்தது. ஒருநாள் என் ஆள்காட்டி விரலின் நகத்தில் ஊசி ஏறி அந்தப் பக்கம் வந்தது. நான் போட்ட கூச்சலில் மெஷின்கள் நின்றன. அந்த வாரமே மணி அடித்தது, பன்னும் வந்தது. மட்டமான சாப்பாடு போட்டதாக ஆபாவை வேலையிலிருந்து அனுப்பினார்கள். நீங்கள் கைதட்டினீர்கள். கட்டுப்போட்ட கையால் தட்ட முடியவில்லையே என்று எனக்கு ஆத்திரம்.

போன மாதம் பாகாயத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். புற்றுநோய் என்று இரைப்பையையே எடுத்திருந்தார்கள். கஞ்சி ஆறிக் கிடந்தது. "பசியே தெரில. கேக்குறதுக்கு வயிறு இருந்தாத்தானே?" என்று சிரித்தார். பிறகு என் விரலைப் பிடித்துப் பார்த்தார்.

"தெரிஞ்சேதான் உப்புமா போட்டேன். நீங்க பசியில நடுங்குனாத்தான் அந்தாளு மணி அடிப்பான். ஊசி ஏறும்னு நெனைக்கல."

விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். "எங்க வயித்த வெச்சு வெளையாடுனீங்களா ஆபா? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா பசிக்கிற மாதிரி நடிச்சிருப்பீங்க. நடிப்புக்கு அவன் மணி அடிக்க மாட்டான். மன்னிப்பும் கேக்க மாட்டேன். கேட்டா அந்தப் பத்து நிமிஷமே தப்புன்னு ஆயிடும்."

மன்னித்தேன் என்று எழுத எனக்கு இன்னும் மனம் வரவில்லை. அந்த நகம் பிளந்துதான் வளர்கிறது. ஆபா எனக்கு வைத்துவிட்டுப் போனது அதுதான். வயிற்றில் அடித்தவள் என்று இனி யாரும் சொல்லாதீர்கள். என் விரலைக் கெடுத்தவர் என்று வேண்டுமானால் சொல்லுங்கள், அது உண்மை. நாளைக்கு மணி அடித்ததும் எழுந்திருங்கள். பன்னை அங்கேயே உட்கார்ந்து முழுசாகத் தின்னுங்கள். பசி இல்லாவிட்டாலும் தின்னுங்கள். பையில் மட்டும் போடாதீர்கள், யாராவது பார்த்துவிடுவார்கள்.