பத்துக்கு மார்க் போடும் நர்ஸ்

"வாயத் தெறங்க. மாத்திரைய முழுங்கினீங்களா, கன்னத்துல ஒதுக்கிகினீங்களா?" என்று கேட்டுக்கொண்டே ரங்கம்மாள் அடுத்த கட்டிலுக்கு நகர்கிறார். காதுக்குப் பின்னால் சிவப்புப் பென்சில். கஞ்சி குடித்தவர் தம்ளரைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். சொட்டு விழுந்தால் ஒரு மார்க் போச்சு. கட்டிலில் தொங்கும் அட்டையில், காய்ச்சல் எழுதும் இடத்துக்குக் கீழே, பத்துக்கு இத்தனை என்று தினமும் ஏறும். மஞ்சள் காமாலையோடு படுத்திருந்த எனக்கு ஆரம்பத்தில் ஐந்தைத் தாண்டியதே இல்லை. 'கவனம் போதாது' என்று குறிப்பு வேறு.

ரங்கம்மாள் எம்.ஏ. வரலாறு. சின்னசேலத்தில் ஒரு டுடோரியலில், பத்தாம் வகுப்பில் தவறியவர்களைக் கரையேற்றிக்கொண்டிருந்தவர். டுடோரியல் மூடிப்போனது. கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, ஏற்கெனவே பட்டம் வாங்கியவர்களுக்கு மூன்று வருஷ நர்ஸ் படிப்பைப் பாதியாகச் சுருக்கித் தருவதாக அறிவித்ததும் ஓடிப்போய்ச் சேர்ந்து, எங்கள் வார்டில் பயிற்சிக்கு வந்தார். "செத்துப்போன ராஜாவுங்களப் பத்திக் கேட்டா யாரு பதில் சொல்றா? காய்ச்சல்காரன் கேக்கறதுக்காவது பதில் சொல்லுவான்" என்பது அவர் சொன்ன காரணம்.

படிப்பின் வேகத்தைப் பற்றியும் அவரே சொல்வார். "எலும்ப திங்கக்கெழம ஆரம்பிச்சி புதன்கெழம முடிச்சிட்டாங்க. வியாழக்கெழம லீவு போட்ட பி.காம். பொண்ணுக்கு இன்னிக்கி வரைக்கும் கிட்னி எங்க இருக்குதுன்னு தெரியாது." இதைச் சொல்லும்போது அவர் சிரிப்பதில்லை. நோயாளிகளான நாங்கள்தான் வயிற்றைப் பிடித்துக்கொள்வோம், கிட்னி அங்கே இல்லை என்று தெரியாமல்.

செய்முறைத் தேர்வுக்கு நாள் குறித்த வேளையில்தான் எண்பத்தேழு செப்டம்பர் வந்தது. இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். வெட்டப்பட்ட புளியமரங்கள் ரோட்டின் குறுக்கே விழுந்தன, பஸ் நின்றது. துப்பாக்கிச் சூடு, சாவு என்று செய்தி வந்த அன்று வார்டில் யாரும் தம்ளரைக் கவிழ்க்கவில்லை, அவரும் கேட்கவில்லை. தேர்வு தள்ளிப்போனது. ரங்கம்மாளுக்கு இந்த முறை தேறாவிட்டால் வேலைக்கான வயது வரம்பு தாண்டிவிடும். "நடுவுல தொழில மாத்தினவங்களுக்கு ஒரு ஒதுக்கீடுன்னு கேட்டு யாரும் ஒரு முருங்கக் கெளய கூட ஒடிக்க மாட்டேன்றாங்க" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னார். எனக்குப் பாவமாக இருந்தது.

பஸ் இல்லாததால் குணமானவர்களும் வீட்டுக்குப் போக வழியில்லை. கல்வராயன் மலையிலிருந்து பாம்புக்கடியோடு வந்த சடையன், சங்கராபுரத்துக் குடலிறக்கக் கேஸ் கொளஞ்சியப்பன் என்று வார்டு முழுக்க ஆரோக்கியசாலிகள். ரங்கம்மாள் விடுவாரா? காலையும் மாலையும் மாதிரித் தேர்வு. ஒருவர் நோயாளி, மற்றவர்கள் பரிசோதகர்கள். சடையன் மயங்கி விழுவதில் கைதேர்ந்துவிட்டார். கொளஞ்சியப்பனுக்கு நாடி பிடிக்கவே வந்துவிட்டது.

ரோடு திறந்ததும் எல்லாரும் கிளம்பியிருக்க வேண்டும். ஒருவர் கூட அசையவில்லை. "டீச்சரு பரீச்சைய வுட்டுட்டு வூட்டுக்குப் போயி இன்னா பண்றது?" என்றார் கொளஞ்சியப்பன்.

தள்ளிப்போன தேர்வை நடத்தத் தேர்வாளர் அம்மா சேலத்திலிருந்து வந்தார். சின்னசேலத்துக்கு இந்தப் பக்கம் மட்டும் மரங்களை இன்னும் முழுதாக அகற்றவில்லை. பாதி மாட்டு வண்டி, பாதி நடை. உச்சி வெயிலில் வார்டுக்குள் நுழைந்தவர் உட்காரக்கூட இல்லை, அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். யாருக்கும் காய்ச்சல் இல்லை. எல்லாருக்கும் மார்க் ஒன்பது, ஒன்பதரை. என் காமாலையும் வடிந்திருந்தது.

"இங்க யாருக்குத்தாம்மா நோய்?" என்று கேட்டார்.

"உங்களுக்கு எது வேணும் சொல்லுங்க மேடம். வவுத்து வலியா, மயக்கமா?" என்றார் கொளஞ்சியப்பன், மரியாதையாக.

மயக்கம் என்ற சொல் காதில் விழுந்ததும் சடையன் கண்ணைச் செருகிக்கொண்டு சரிந்தார். தேர்வாளர் அம்மா அவரைக் கோபமாகப் பார்த்தார். பிறகு கட்டில் கம்பியைப் பிடித்தார். பிடி நழுவி அவரும் சரிந்தார். இது நடிப்பில்லை.

ரங்கம்மாள் பாய்ந்து தாங்கினார். சடையன் தானாகவே எழுந்து கட்டிலை ஒழித்துக் கொடுத்தார். அவ்வளவுதான், வார்டு மொத்தமும் வாயைத் திறந்துவிட்டது.

"தலகாணிய எடுத்துடுங்க டீச்சர்."

"கால தூக்கி வைங்க."

"நாடி, நாடி. மறந்துடாதீங்க."

ரங்கம்மாள் நிமிர்ந்தார். டுடோரியலில் இப்படித்தான் நிமிர்ந்திருப்பார். "பரீச்ச நடந்துகினு இருக்குது. யாரும் பிட்டு குடுக்கக் கூடாது. அப்பறம் என்ன ஃபெயிலாக்கிடுவாங்க."

தலையணையை அவர் ஏற்கெனவே எடுத்திருந்தார். காலை உயர்த்தி, செருப்பைக் கழற்றி, நாடி பார்த்தார். உதடு அசைய எண்ணினார், கூடவே நாங்களும் சத்தமில்லாமல் எண்ணினோம். கொப்புளம் கட்டிய பாதத்தை ஈரத் துணியால் ஒற்றினார். கண் திறந்ததும் பேர் கேட்டார், ஊர் கேட்டார், காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார்.

"ஒண்ணும் சாப்பிடலை" என்றார் அந்த அம்மா, வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையைப் போல.

உப்பும் சர்க்கரையும் போட்ட தண்ணீர் வந்தது. எழுந்து உட்காரவைத்து, ஒவ்வொரு வாயாகக் குடிக்கச் சொன்னார். குடித்து முடித்த தேர்வாளர் சுற்றிலும் பார்த்தார். எதிர்க் கட்டிலிலிருந்து சடையன் கையால் சாடை காட்டினார். அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. தம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு சொட்டு விழவில்லை.

ரங்கம்மாளின் கை பழக்கத்தில் காதுக்குப் போனது. சிவப்புப் பென்சிலை எடுத்து அட்டையில் வைத்தார். எழுதவில்லை. பென்சிலைத் திருப்பி, சீவிய முனை தன் பக்கம் இருக்கும்படி பிடித்து, தேர்வாளரிடம் நீட்டினார்.